நான் வாங்கிய பூஜ்யம்

கேள்வித்தாளை ஒழுங்காகப் படிக்காமல் பரீட்சை எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாம்பரத்தில் கணக்கு டீச்சர் நான். பக்கத்து வீட்டு ஜெயக்கொடியின் மகன் சிட்டிபாபு, தாளைத் திருப்பிப் பார்க்காமல் பின்பக்கத்துக் கேள்விகளை அப்படியே விட்டுவிட்டான். அந்தப் பகுதிக்குப் பூஜ்யம் போட்டேன். ஜெயக்கொடி வந்து எவ்வளவோ கெஞ்சினாள். "திருப்பிப் பார்க்காதவனுக்குப் பூஜ்யம்தான், போ" என்றேன். ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. அப்புறம் குழாயில் தண்ணீர் வராத ஒரு நாளில் சமாதானமாகிவிட்டோம்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், மே மாதம், கத்திரி வெயில். என் அக்கா பியூலா மார்பில் புற்றுநோய் வந்து இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. "நீயும் ஒரு தடவை மார்பை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துடேன், ஹில்டா" என்று என் வீட்டுக்காரர் வேதசிரோமணி நச்சரித்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூட லீவுதானே என்று போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ரிப்போர்ட் வந்தது. இடது பக்கம் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளாம். சுண்ணாம்புப் படிவாக இருக்கலாமாம். அதற்குமேல் உறுதியாகச் சொல்ல முடியாதாம். கணக்கில் எவனாவது 'விடை ஏழாக இருக்கலாம்' என்று எழுதினால் நான் மார்க் போடுவேனா?

"எதுக்கும் வியாழக்கிழமை அட்மிட் ஆயிடுங்கம்மா. கீறி ஒரு துண்டு எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர்.

பியூலாவுக்கும் இப்படி ஒரு துண்டில்தான் ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயம்தான், வேறென்ன.

"இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிடலாமே" என்றார் இவர்.

"என்னது, ரீவால்யூவேஷனா?" என்று சீறினேன். மறுமதிப்பீடு கேட்டு வருகிற பெற்றோர்களை வாசலோடு அனுப்புகிறவள் நான். ஆனால் மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கிளம்பினேன். இவரைக் கூட்டிக்கொண்டு போனால் என்னைவிட அதிகமாக அழுவார் என்பதால் ஜெயக்கொடியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாது.

மாம்பலத்துக்கு ரயில் ஏறினோம். லேடீஸ் பெட்டி நிறைந்திருந்தது. குரோம்பேட்டை தாண்டியதும், நான் மடியில் வைத்திருந்த பெரிய உறையிலிருந்து ஜெயக்கொடி படத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டாள்.

"இன்னா டீச்சர், நெலா மாதிரி கீது!"

"அடியே, உள்ள வை! மானம் போகுது!"

"இருபத்திரெண்டு வருசமா சாக்பீஸ் தூளை முழுங்கிக்கினு கீறியே, அதான் உள்ள சுண்ணாம்பா நிக்குது. வேற இன்னா?"

அதற்குள் பெட்டியே கூடிவிட்டது. பல்லாவரத்தில் ஏறிய ஒரு பூக்கார அம்மா, அது கல்லடைப்பு என்றும் வாழைத்தண்டு சாறு குடித்தால் கரைந்துவிடும் என்றும் அடித்துச் சொன்னார். படத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பதாக ஒரு ஆபீஸ்காரப் பெண் ஜெயக்கொடியிடம் சண்டைக்குப் போனாள். இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கக் கிளம்பியவளுக்கு மீனம்பாக்கம் வருவதற்குள் ஒன்பது கருத்து கிடைத்துவிட்டது. அழவேண்டிய நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

மாம்பலத்தில் நாங்கள் பார்க்கப் போன டாக்டர் சாமுண்டீஸ்வரிக்கு அறுபது வயதிருக்கும். என் வேலை, அக்காவின் நோய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். என் சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, கழுத்தை.

"கழுத்துல என்னம்மா வெள்ளையா?"

"வேர்க்குரு பவுடர், டாக்டர். இந்த வெயில்ல வேற வழி?"

"கழுத்துல மட்டும்தானா?"

"மார்பு, அக்குள், எல்லா இடத்துலயும்தான்."

"அன்னைக்குப் படம் எடுக்கப் போனப்பவும்?"

"பவுடர் போடாம நான் வாசப்படி தாண்ட மாட்டேன், டாக்டர்."

அவர் மேஜையிலிருந்து ஒரு சோப்பை எடுத்து என் கையில் வைத்தார். "நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க. மறுபடியும் எடுக்கலாம். சில பவுடர் படத்துல அச்சு அசலா சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே விழும். அதுதானான்னு எடுத்துப் பார்த்தாதான் சொல்ல முடியும்."

கழுவினேன். தோல் சிவக்கச் சிவக்கக் கழுவினேன். மறுபடியும் அந்த இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கினார்கள். படம் கழுவி வரும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். கர்த்தரே, நான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், எவ்வளவு பெரிய முட்டாளாக வேண்டுமானாலும் ஆக்கிவிடும், அக்காவுக்கு வந்தது மட்டும் எனக்கு வேண்டாம். என் வாழ்க்கையில் முட்டாளாக ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டு டாக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் கணக்கு டீச்சராச்சே. பழைய படத்துல எத்தனை புள்ளி?"

"பதினொன்று." வீட்டில் நூறு தடவை எண்ணியிருந்தேன்.

"புதுசுல?"

பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

"பவுடர்தான். வியாழக்கிழமை எங்கயும் போக வேண்டாம். அக்காவுக்கு இருந்ததால வருஷா வருஷம் வந்து எடுத்துக்கணும், சரியா? பவுடர் போடாம!"

தலையாட்டினேன். வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். என் கைக்குட்டையை எடுக்க ஜெயக்கொடி என் பையைத் துழாவினாள். கைக்குட்டை வரவில்லை, முதல் தடவை படம் எடுக்கத் தேதி குறித்துக் கொடுத்த சீட்டுதான் வந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தேதி, நேரம், கீழே பொடி எழுத்தில் 'பின்பக்கம் பார்க்கவும்'.

திருப்பினாள்.

"ப-வு-டர், க்-ரீம், எ-துவும் பூ-சாமல் வர-வும்."

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். ஜெயக்கொடி அந்தச் சீட்டை மடித்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மகன் பூஜ்யம் வாங்கிய நாளிலிருந்து காத்திருந்தவள் மாதிரி கேட்டாள்.

"தாளைத் திருப்பிப் பாக்காதவங்களுக்கு எத்தினி மார்க்கு, டீச்சர்?"

"பூஜ்யம்!" என்றேன், ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி.

இத்தனை வருஷத்தில் யாருக்கும் இவ்வளவு சந்தோஷமாக நான் பூஜ்யம் போட்டதில்லை.