மழை நத்தை வாசலுக்கு வந்த நாள்

என் மாமியார் லட்சுமியம்மாளுக்கு ரப்பர் பேண்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. மாத்திரை அட்டை, கரண்ட் பில், கொத்தமல்லிக் கட்டு, எதைச் சுற்றியிருந்தாலும் உருவி எடுத்துச் சமையலறை ஆணியில் மாட்டிவிடுவார். தை மாதம் ஜவ்வரிசி வடாம் போட்டுக் காயவைத்து, நாத்தனாருக்கு அனுப்பப் பொட்டலம் கட்டியபோது அந்த ஆணியும் காலியாகிவிட்டது. நேராக என் அலமாரியைத் திறந்திருக்கிறார். உள்ளே தகர டப்பாவில் என் கார்டுக் கட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி இரண்டு ரப்பர் பேண்டு. அப்புறம் கேட்க வேண்டுமா?

கார்டு என்றால் ரம்மி ஆடுகிற சீட்டு இல்லை. இதை ஊருக்கு விளக்கி விளக்கியே என் தொண்டை வறண்டுபோனது. இதற்குப் பெயர் கோட்டைப் பூதம். கார்டுகளைப் பாக்கெட்டாக வாங்க வேண்டும். உள்ளே எந்தப் பூதம் இருக்கிறது என்று பிரித்த பிறகுதான் தெரியும். சேர்த்துவைத்த கார்டுகளில் நல்லதாகப் பொறுக்கி அவரவர் ஒரு கட்டு தயார் செய்துகொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு கோட்டை, கோட்டைக்கு இருபது உயிர். தன் முறை வரும்போது ஒரு கார்டை எடுத்து ஒரு கார்டை இறக்கலாம். இறக்கிய பூதங்கள் எதிராளியின் கோட்டையை இடிக்கும். உயிர் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது.

சென்னையில் ஹாஸ்டலில் படித்தபோது பிடித்த பைத்தியம் இது. அங்கே ஒரு போட்டியில் இரண்டாவதாக வந்திருக்கிறேன். இரண்டாவது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, அதை விடுங்கள். எலவனாசூர்கோட்டையிலிருந்து நைனார்பாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தபோது, சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு நடுவில் இந்த டப்பாவும் வந்தது. என் கணவர் அஜித்குமாருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது கார்டிலேயே குறட்டை விட்டார்.

ஆடியது ராதிகா அக்காதான். அவள் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் பெண்டாட்டி. மணலூர்பேட்டைக்காரி. மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி, "இன்னா செல்வி, கோட்டையத் தொறக்கலாமா?" என்று வந்து உட்காருவாள். செந்தமிழ்ச்செல்வி என்ற என் பெயரைச் செல்வி என்று சுருக்கியது அவள்தான். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காலையிலிருந்து அத்தனை வேலையையும் முனகாமல் செய்வேன்.

ஆனால் அவள் ஆடுகிற லட்சணம் இருக்கிறதே! பலத்தைப் பார்க்க மாட்டாள், படத்தைப் பார்ப்பாள். தீயைக் கக்கும் பல்லி கையில் இருக்கும். அதை விட்டுவிட்டு மழை நத்தையை இறக்குவாள். மழை நத்தைக்குப் பலம் ஒன்றே ஒன்று. முறைக்கு ஒரு அடிதான் நகரும். தப்பித்தவறி எதிராளியின் வாசலை அடைந்துவிட்டால் இரண்டு பேரும் கோட்டைகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கார்டில் போட்டிருக்கும். வாசல் இருப்பதோ ஏழு அடி தள்ளி. என் கட்டு நாலே முறையில் யாரையும் முடித்துவிடும். அதனால் அந்த நத்தை ஒருநாளும் பாதி வழியைத் தாண்டியது கிடையாது. எத்தனை முறை சொன்னாலும் கேட்காமல், அதைத்தான் தடவித் தடவி வைப்பாள்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியானம், அவள் யோசித்து யோசித்து மூன்றாவது கார்டை வைத்த கையோடு நான் வெண்கலக் கழுகை இறக்கிவிட்டேன். அது பறக்கிற பூதம், குறுக்கே யாரும் நிற்க முடியாது, ஒரே கொத்தில் எட்டு உயிர் போகும். அவளுக்கு மிச்சமிருந்ததே அவ்வளவுதான், கோட்டை தரைமட்டம். அக்கா கையிலிருந்த கார்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீ எங்க செல்வி ஆடற? முடிச்சிக்கினு போற. இனிமே என்ன கூப்டாத," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆற்றியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் சுருக்கென்றது. ஜெயிப்பது குற்றமா என்று எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து மத்தியானத்தில் அவள் டிவி முன்னால் உட்கார்ந்தாள். நான் அறைக்குள் இரண்டு பக்கமும் நானே உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். ஜெயித்ததும் நானே, தோற்றதும் நானே, சண்டை போடக்கூட ஆள் இல்லை. அவள் திரும்ப வராவிட்டால் இந்த டப்பாவைப் பழைய இரும்புக்காரனிடம் போட வேண்டியதுதான் என்று தோன்றியது. வாயைத் திறந்து கூப்பிடத்தான் மனசு வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கிழங்கு லோடு வந்தது. எங்கள் பக்கம் மரவள்ளியைப் பிடுங்கினால் உடனே ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்கு ஏற்றிவிட வேண்டும். கிழங்கு காயக் காய மாவு குறையும். ஆலையில் கொஞ்சம் கிழங்கை எடுத்து நிறுத்து, அதில் எவ்வளவு மாவு என்று பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுவார்கள். பாயிண்ட் பார்க்கும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்பது எங்கள் வழக்கம். என் கணவரும் அவர் அண்ணன் அறிவுச்செல்வனும் கல்வராயன் மலையில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் மீதிக் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே டவர் கிடையாது. லோடு மட்டும் பச்சமுத்து அண்ணன் டிராக்டரில் இறங்கி வந்தது.

மாமியார் எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். ஒருத்தி வண்டியைப் பார்க்க, ஒருத்தி பாயிண்ட் பார்க்க என்று காரணம் சொன்னார். பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் இரண்டு மருமகள்களை ஒரு நாளாவது வீட்டை விட்டுக் கிளப்பலாம் என்பது நிஜக் காரணமாக இருக்கலாம். நான் பைக்குள் டப்பாவைத் திணித்துக்கொண்டேன். தனியாக உட்கார்ந்து கட்டைச் செப்பனிடலாம் என்றுதான் எடுத்தேன். வேறு ஆசை எதுவும் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

ஆலை வாசலில் பார்த்தால் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. பச்சமுத்து அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, டிரெய்லருக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். நாங்கள் புளியமர நிழலில் கோணியைப் போட்டு, சாப்பாட்டுக் கேரியரை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அக்கா மலையைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். கடைசியில் டப்பாவைத் திறந்தேன்.

என் கட்டைக் காணவில்லை. கட்டு என்று எதுவுமே இல்லை. நானூறு கார்டும் துணி மடித்து அடுக்கியதுபோல் நிறவாரியாக அடுக்கியிருந்தது. சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், பளபளப்பானதெல்லாம் மேலே. மாமியார் ரப்பர் பேண்டுகளை எடுத்த பாவத்துக்குப் பரிகாரமாக அலங்காரம் செய்து வைத்திருக்கிறார். வருஷக்கணக்கில் யோசித்துக் கோத்த கட்டு! நான் போட்ட கூச்சலில் பச்சமுத்து அண்ணன் எழுந்து தலையை டிரெய்லரில் இடித்துக்கொண்டார்.

அக்கா டப்பாவை எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்தினாள், தோள் குலுங்கியது, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. ஆனாலும் எத்தனையோ நாள் கழித்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், அதைக் கெடுப்பானேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளே பேசினாள்.

"எல்லாத்தியும் ஒண்ணா கலக்கு. கண்ண மூடிக்கினு ஆளுக்குப் பாதி எடுப்போம். எது வருதோ அத வச்சி ஆடு. அப்டின்னா வரேன்."

அது எப்படி ஆட்டம் ஆகும், திட்டமே இல்லாமல் எப்படி ஆடுவது என்று நான் இழுத்தேன். அப்படியானால் வேண்டாம் என்று அவள் மறுபடியும் மலையைப் பார்க்கத் திரும்பினாள். உடனே கலக்கினேன்.

உயிரைக் கணக்கு வைக்க ஒன்றும் இல்லை. லோடிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து ஒடித்துத் துண்டுகளை ஆளுக்கு இருபது வைத்துக்கொண்டோம். லாரி போகும்போதெல்லாம் காற்றில் கார்டு பறந்தது. அதன் மேலும் ஒரு துண்டு கிழங்கு.

வந்த கார்டுகளைச் சொல்லவே கூசுகிறது. நான் டப்பாவின் அடியில் போட்டுவைத்த தண்டங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஓட்டைப் பானைப் பூதம், பல்வலிப் புலி, பாதி தூங்கும் பாறை. அக்காவுக்கு மூன்று தலை நாகம் வந்தது. இறக்கும்போதே, இது பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார், ஒரு தலை பஜ்ஜி கேட்கிறது, ஒரு தலை பெண்ணைப் பாடச் சொல்கிறது, ஒரு தலை வீட்டைச் சுற்றிப் பார்க்கிறது என்று ஆரம்பித்தாள். இதுவும் அவளுடைய பழைய வியாதிதான். எப்போதும் "சீக்கிரம் வைக்கா" என்று அதட்டிவிடுவேன். அன்றைக்கு அதட்ட என்னிடம் அவசரமான கார்டு எதுவும் இல்லை. பல்வலிப் புலியை எதிரில் வைத்து, "எனக்கு பஜ்ஜி வாணாம், சூடா எதுவும் சாப்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கிறாரு," என்றேன். அக்கா கோணியில் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு மழை நத்தை வந்தது. அவளுக்குத்தான். முத்தம் கொடுக்காத குறையாக அதை இறக்கினாள்.

நாங்கள் அடித்துக்கொண்டோம். அவள் நாகம் என் பானையை உடைத்தது, என் பாறை எழுந்து அவள் நாகத்தின் மேல் உட்கார்ந்தது. துண்டுகள் குறைந்துகொண்டே வந்தன. இடையில் நத்தை பாட்டுக்கு ஓர் அடி, ஓர் அடி. பச்சமுத்து அண்ணன் தூக்கத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தினார். அவருக்கு ஆட்டம் ஒன்றும் புரியவில்லை, நத்தை மட்டும் புரிந்தது. டீ குடிக்கப் போய் வந்தபோதும், "நத்த எங்க வந்துகினு இருக்குது தங்கச்சி?" என்றுதான் கேட்டார்.

நத்தைக்கும் என் வாசலுக்கும் நடுவில் ஓர் அடி பாக்கி. அக்கா கோட்டையில் இரண்டே துண்டு. என்னிடம் ஒரு குவியல். என் முறை. கார்டை எடுத்தேன்.

வெண்கலக் கழுகு.

கை தானாக எழுந்தது. இறக்கினால் முடிந்தது, எட்டு உயிர் எடுக்கிற கழுகுக்கு அங்கே இரண்டுதான் மிச்சம். என் உடம்பில் ஒவ்வொரு நரம்பும் போடு போடு என்றது. எதிரில் அக்கா நத்தையின் முதுகை விரலால் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருந்தன்மை எல்லாம் கிடையாது, விட்டுக்கொடுத்துத் தோற்கிற ஜாதி இல்லை நான். ஆனால் இந்த நத்தையைப் பாக்கெட் பிரித்து எடுத்த நாளிலிருந்து இது ஒரு வாசலையும் அடைந்து நான் பார்த்ததில்லை. ஹாஸ்டலிலும் யாரும் பார்த்ததில்லை. கோட்டை மாறினால் என்ன ஆகும்? குவியல் அவளுக்குப் போகும், இரண்டு துண்டோடு நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தே ஆக வேண்டும் போல் இருந்தது. கழுகை மற்ற கார்டுகளுக்குப் பின்னால் செருகிவிட்டு, கொட்டாவி விடும் குள்ளன் என்ற உதவாக்கரையை இறக்கினேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு நத்தையை எடுத்து என் வாசலில் வைத்தாள். பச்சமுத்து அண்ணன் கைதட்டினார். அந்த நேரம் பார்த்து ஆலையிலிருந்து எங்கள் வண்டியைக் கூப்பிட்டார்கள்.

அண்ணன் வண்டியை எடுக்க ஓடினார். பாயிண்ட் பார்க்க யாராவது போக வேண்டும். எனக்கு எழுந்திருக்கவே மனமில்லை. அக்கா கோணியைக் காட்டி, நீ போய் நில்லு, நான் இங்கே காவல் இருக்கிறேன் என்றாள். கையிலிருந்த கார்டுகளைக் கவிழ்த்து அவளிடம் கொடுத்து, பிரித்துப் பார்க்கக் கூடாது என்று எச்சரித்தேன்.

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது? கழுகு வந்துச்சே," என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஜெயிக்கப் போகிறபோதெல்லாம் என் மூக்கு புடைத்துக்கொள்ளுமாம். முதல் நாளிலிருந்தே பார்க்கிறாளாம்.

"தெரிஞ்சேவாக்கா நத்தய நகத்துன?"

"நீ போடறியா இல்லியான்னு பாத்துக்கினு இருந்தேன். போட்டிருந்தா பேசாம கேரியர எடுத்துக்கினு பஸ் ஏறியிருப்பேன், செல்வி. நாளைக்கு வந்திருக்க மாட்டேன்."

நாளைக்கு என்றாள்.  சந்தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

தராசுக்காரர் நிதானமானவர். கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணைத் தட்டி, கூடையில் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். நான் வாசல் பக்கமே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஏதாவது அவசரமா என்று கேட்டார்.

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்கண்ணா," என்றேன். "கோட்டைய மாத்தணும். எங்க அக்கா காத்துக்கினு இருக்குது."