கடைசிப் பெட்டியின் இரைச்சல்

"இன்னொரு தடவை அந்தப் பெட்டியைத் தட்டினீங்க, விரலை ஒடிச்சிடுவேன்!" ஜன்னலைத் திறந்து கத்தினேன். என் கணவர் ரிம்விதஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பனியில் இறங்குவார், தேனீப் பெட்டியைத் தட்டுவார், காதை வைப்பார், உள்ளே வருவார், மறுபடி ஓடுவார். தட்டத் தட்ட தேனீக்கள் கூட்டம் கலைந்து, மிச்சத் தேனையும் தின்று தீர்க்கும். தெரிந்தேதான் தட்டினார். ஐந்து பெட்டியில் நான்கில் தேனீக்கள் எல்லாம் செத்துவிட்டன.

"பசியில கிடக்காங்க, அல்தோனா. சர்க்கரையில பிசைய ஒரு சொட்டுத் தேன் இல்லையே."

"பேராசைப்பட்டு இருந்த தேனையெல்லாம் ஒட்ட வழிச்சது யாரு? ஜெனோனஸ் அண்ணன்கிட்ட போய்க் கேளுங்க."

"அந்தாள் வாசலை மிதிக்க மாட்டேன்."

பக்கத்து வீட்டு ஜெனோனஸ்தான் எங்களுக்கு முதல் தேனீக் கூட்டத்தைக் கொடுத்தவர். எங்கள் ஊரில் தேனீயை மனிதரைப் போலத்தான் பேசுவோம்; அண்டை வீட்டுக்கு விற்பதில்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் அன்றிலிருந்து உறவு. அந்த உறவு இலையுதிர் காலத்தில் முறிந்தது. தேனீக்களைக் கொல்லும் உண்ணிக்கு மருந்து வை என்றார் அவர். என் கணவர் சிரித்தார். "சோம்பேறி" என்று அவர் சொன்னதோடு பேச்சு நின்றது.

நானே போனேன். ஜெனோனஸ் முற்றத்தில் உறைந்த மண்ணைக் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு துணி மூட்டை. செத்த தேனீக்களைக் குப்பையில் கொட்ட எங்களுக்கு மனசு வராது, புதைப்போம். அவருடைய பெட்டிகள் எல்லாம் மூடி திறந்து கிடந்தன.

"ஒருத்தர்கூட மிஞ்சலம்மா. மருந்து, தேன் எல்லாம் சரியாத்தான் வெச்சேன்." பிறகு கேட்டார்: "உங்க வீட்ல?"

"ஒரு பெட்டி. பசியில இருக்காங்கண்ணே."

கடப்பாரையைப் போட்டார். தேன் ஜாடியை எடுத்துக்கொண்டு, தொப்பிகூட இல்லாமல் எனக்கு முன்னால் ஓடினார்.

ரிம்விதஸ் பெட்டிமேல் கையை வைத்தபடி விழித்தார். ஜெனோனஸ் அந்தக் கையில் ஓர் அடி போட்டார். "தட்டாதடா, கழுதை!" பெட்டியில் காதை ஒட்டவைத்தார். ரிம்விதஸ் அவர் பக்கத்தில் குனிந்தார்.

"என்னண்ணே?"

"வாயை மூடு… இருக்காங்க."

தேனும் சர்க்கரையும் பிசைந்து, மூடிக்கடியில் வைத்தோம். கிளம்பும்போது ஜெனோனஸ் தரையைப் பார்த்தபடி, "பிழைச்சு, கோடையில கூட்டம் பிரிஞ்சா… எனக்கு…" என்றார். ஊருக்கெல்லாம் கொடுத்த மனிதருக்குக் கேட்க வாய் வரவில்லை.

"உங்க வீட்டுப் பிள்ளைங்கதானேண்ணே," என்றார் ரிம்விதஸ்.

மறுநாள் விடிந்ததும் ஜன்னலைத் திறந்தேன். எங்களுக்கு முன்பே ஜெனோனஸ் வந்து பெட்டியில் காதை வைத்து நின்றிருந்தார். தட்டிவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டியிருந்தார்.