முதல் விவசாயியின் நாலு எல்லை

பேராசிரியர் சிட்டிபாபுவைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வரும். எனக்கும் வந்தது. ஆறு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு ஐந்தரை வருடம் அவரிடம் ஆராய்ச்சி செய்தேன்.

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவருடைய அறை. சுவரில், நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கில நாடகக்காரர் ஒருவரின் படம், சந்தன மாலையோடு. ஏழுமலையானுக்கே அந்த அறையில் இரண்டாவது இடம்தான். அந்த நாடகங்களில் உள்ள அரசியல் கருத்துகள் என்பதுதான் அவர் துறை. எழுதியது ஒரே ஒரு கட்டுரை. தலைப்பை மாற்றி மாற்றி டெல்லி, சிங்கப்பூர், லண்டன் என்று எல்லா ஊரிலும் வாசித்துவிட்டு வந்தார். ராஜா உச்சியில் இருக்க வேண்டும், அவரவர் அவரவர் படியில் நிற்க வேண்டும், கூட்டத்துக்குப் புத்தி கிடையாது, காலையில் வாழ்க என்றவனையே சாயங்காலம் ஒழிக என்று கத்தும். நாடகக்காரர் சொன்னது இவ்வளவுதான் என்பார். அவருக்கு வசதியானதை மட்டும் நாடகக்காரர் சொல்லியிருப்பார் போல.

நான் படித்தபோது எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. அந்த நாடகங்களில் ராஜாவின் குதிரைக்குக்கூடப் பேர் இருக்கிறது. பசிக்கிறது என்று கேட்டு வருகிறவனுக்குப் பேர் இல்லை. குடிமகன் ஒன்று, குடிமகன் இரண்டு. கூட்டம் முதலில் கேட்கிற கேள்வி நியாயமான கேள்விதான். அதற்கு, மேலே இருப்பவன் பதில் சொல்வதில்லை, பேச்சால் மயக்கி வேறு கோஷத்தை வாயில் போட்டு அனுப்பிவிடுகிறான். என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இதுதான். சிட்டிபாபு அதன் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: "உணர்ச்சிவசம். நீக்கவும்."

நான் நீக்கவில்லை. அவர் கையெழுத்துப் போடவில்லை. எட்டு மாதமாக ஆய்வேடு அவர் மேஜையில் கிடந்தது. 2007 மார்ச்சில் சித்தூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகம். வழிகாட்டியின் சான்றிதழ் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

பிப்ரவரியில் ஒருநாள் கூப்பிட்டு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக உட்காரச் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது.

"ஏம்மா பிரேமலதா, உங்க ஊர் சத்தியவேடு பக்கம்தானே?" அவர் பேசுவது எப்போதும் தெலுங்கில்தான். தமிழ் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரா, வீட்டில் பேசுவது தமிழ்.

எங்கள் ஊரையும் சுற்றியுள்ள நாலு ஊரையும் சேர்த்து ஒரு கம்பெனி நிலம் எடுக்கிறது, அடுத்த வெள்ளிக்கிழமை மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், அதற்கு அவர்தான் ஆலோசகர் என்றார். மேஜை மேல் நாலு பக்கம் தள்ளினார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. வரி வரியாக வசனம். முதல் விவசாயி. இரண்டாம் விவசாயி. ஒரு கிழவி. எல்லோரும் (கைதட்டி).

அடப்பாவி, கருத்துக் கேட்பதற்கு நாடகமே எழுதி வைத்திருக்கிறானே என்று நினைத்தேன். அதிலும் ஒருத்தனுக்கும் பேர் இல்லை.

"ஆள் ஏற்பாடு ஆச்சு. அஞ்சு ஊர் ஜனம் வர்ற இடத்துல யார் எந்த ஊர்னு யாருக்குத் தெரியும்? நீ இதை உங்க பார்டர் பாஷையில மாத்திக் குடு. இயற்கையா இருக்கணும்" என்றார்.

இரண்டு வருடம் முன்பு நான் போனில் நைனாவிடம், அதாவது அப்பாவிடம், "வந்துக்கினு கீறேன்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, துறையில் எல்லோர் முன்னாலும் அதை மூக்கால் சொல்லிக் காட்டிச் சிரித்தவர் இவர். அந்தப் பாஷை இன்றைக்கு வேண்டியிருந்தது.

"சார், கம்பெனி எடுக்கற நிலத்துல எங்க நைனா நிலமும் இருக்கு."

"சர்க்கார் குடுத்த பட்டாதானே? சர்க்கார் குடுத்தது, சர்க்கார் எடுக்குது. கூட்டம் முடிஞ்சதும் கார்லயே உனக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

நைனா முனிசாமி முப்பது வயது வரைக்கும் அடுத்தவன் கொல்லையில் கூலி வேலை செய்தவர். 1978இல் சர்க்கார் ஒரு ஏக்கர் எண்பது சென்ட் கொடுத்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். யாரைப் பார்த்தாலும் நாலு எல்லையைச் சொல்லிவிடுவார். "கெழக்கால ரத்னம்மா, மேற்கால ஓடக் கால்வா, வடக்கால கோவர்த்தனன், தெக்கால சுடுகாட்டு வழி." நான் பட்டம் வாங்குவதைப் பார்க்க வந்தவர், என் சிநேகிதிகளிடமும் இதைச் சொன்னார். எனக்கு மானம் போயிற்று. யாராவது எல்லையைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

விடுதி அறையில் உட்கார்ந்து எழுதினேன். முதல் மூன்று பக்கத்தைச் சத்தியமாக நன்றாகத்தான் எழுதினேன். வேலை வேண்டும், ஆறு வருடம் வீணாகக் கூடாது என்ற பயம். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. நாலாம் பக்கத்தில் முதல் விவசாயி, "என் நிலத்தை மகிழ்ச்சியோடு தருகிறேன்" என்று முடிக்க வேண்டும். அதற்குப் பின்னால் நானாக ஒரே ஒரு வரி சேர்த்தேன். சிட்டிபாபு பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா. மேடையில் அதிகாரி, கம்பெனி ஆட்கள், நடுவில் சிட்டிபாபு. மொழிபெயர்க்க நான் அவர் பின்னால். என்ன மொழிபெயர்ப்போ! எங்கள் ஜனம் சந்தையிலும் மண்டல ஆபீசிலும் நாள் முழுக்கத் தெலுங்கு பேசுகிற ஜனம். அது அவருக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

முதல் விவசாயி எழுந்தான். கடையில் மடித்த மடிப்புக் கலையாத துண்டு, மை பூசிய மீசை. இந்த ஆளா மண்வெட்டி பிடித்தான்?

"நானும் உங்கள மாரி ரைத்துதான். நம்ம பசங்க பெங்களூரு, ஸ்ரீபெரும்புதூருன்னு ஓடிக்கினு கீதுங்க. கம்பெனி வந்தா இங்கியே வேல. என் கொல்லைய நான் சந்தோசமா குடுக்கறேன். எனக்கு மேற்கால முனிசாமி கொல்ல. அவரும் குடுத்துடுவாரு."

நான் சேர்த்த வரிக்கும் சிட்டிபாபு கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். கச்சேரி கேட்கிற மாதிரி.

நான் கூட்டத்தில் நைனாவைத் தேடினேன். தேட வேண்டியிருக்கவில்லை. எழுந்துவிட்டிருந்தார்.

"யோவ், இன்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

"எனக்கு மேற்கால முனிசாமி..."

"நான்தான்யா முனிசாமி. எனக்குக் கெழக்கால ரத்னம்மா கொல்ல. இருபத்தொம்போது வருசமா அதுதான் கீது. நீ எப்பய்யா ரத்னம்மா ஆன?"

ஷாமியானா கிழிகிற மாதிரி சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. அவருக்கு இது சிரிக்கிற விஷயமே இல்லை.

"சரி, வுடு. உனக்கு வடக்கால யாரு?"

முதல் விவசாயி கையிலிருந்த தாளைப் பார்த்தான். அதில் வடக்கு இல்லை. இரண்டாம் விவசாயியைப் பார்த்தான், அவன் மேடையைப் பார்த்தான். கிழவியாக நடிக்க வந்தவள் மெல்ல எழுந்து பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

"எந்த ஊருப்பா நீ?" என்று யாரோ கேட்டார்கள்.

"திருவள்ளூருங்க. நடிக்கணும்னு கூப்டாங்க, வந்தேன்." பாவம், உண்மையைச் சொல்லிவிட்டான். அந்த மைதானத்தில் அதுவரை அவன் ஒருத்தன்தான் உண்மை பேசியிருந்தான்.

சிரிப்பு நின்றது. பெண்கள் எழுந்தார்கள். குமாஸ்தா "விவசாயி ஒருவர், ஆதரவு" என்று எழுதியிருந்ததை அதிகாரி அடிக்கச் சொன்னார். இனிமேல் பேசுகிறவர் பேர், ஊர், சர்வே நம்பர் சொன்னால்தான் எழுதுவோம் என்று மைக்கில் அறிவித்தார். நைனா முதலில் போய் நின்றார். பேர் சொன்னார், நம்பர் சொன்னார், நாலு எல்லையும் சொன்னார், குடுக்க மாட்டேன் என்றார். அவருக்குப் பின்னால் வரிசை பள்ளிக்கூடக் கதவு வரைக்கும் நீண்டது.

சிட்டிபாபு என் பக்கம் திரும்பினார். தமிழ் தெரியாதே தவிர அடிமுட்டாள் இல்லை. முனிசாமி என்ற பேரை அவன் வாயிலும் கேட்டார், நைனா வாயிலும் கேட்டார். என் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலும் என் பேரோடு அது இருக்கிறது. பையிலிருந்து கையெழுத்துப் போடாத என் சான்றிதழை எடுத்தார். நான் பார்க்கவேண்டும் என்றே நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிடம் அவர் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆறு வருடம் சும்மாவா?

அதற்குள் ரத்னம்மா மைக்குக்கு வந்துவிட்டது. முட்டிவரை சேறு. நாற்றங்காலிலிருந்து நேராக வந்திருக்கும். மைக்கைத் தட்டிப் பார்த்தது.

"முனிசாமிக்குக் கெழக்கால கீற ரத்னம்மா நான்தான். எழுதிக்கோங்க."

பின்னால் இருந்தவர்களும் பொறுக்காமல் வரிசையில் நின்றபடியே அவரவர் பேரைக் கத்த ஆரம்பித்தார்கள்.

"ஏமண்ட்டுன்னாரம்மா? என்ன கத்துது இந்தக் கூட்டம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் சிட்டிபாபு. மொழிபெயர்க்கத்தானே என்னைக் கூட்டி வந்தார்.

"பேரு சொல்லிக்கினு கீறாங்க சார்" என்றேன்.