நிற்கக் கூடாத வண்டி

ஜாதகம் பார்த்துப் பெண் எடுப்பார்கள், மாப்பிள்ளை எடுப்பார்கள். குலம் கோத்திரம் பார்த்து இன்ஜின் எடுத்த ஒரே மனிதர் பாகூர்க் கடைத்தெரு வைத்தியலிங்கம்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கட்டிக் கொடுத்த மகள் வாழாவெட்டியாக வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, பெற்றவன் எதைத்தான் பார்க்கமாட்டான்?

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது ஒரு துரை தன்னுடைய திறந்த பெஜோ காரை வைத்தியலிங்கத்தின் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்தக் கார்தான். கடைக்குட்டி மகள் ருக்குமணியை வில்லியனூர் மணவாளனுக்குப் பேசி முடித்து, வைத்தியலிங்கமே எழுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், மாப்பிள்ளையைப் பின் சீட்டில் ஏற்றி, நாதஸ்வரத்துக்குப் பின்னால் அடி அடியாக ஓட்டிக்கொண்டு வந்தார். பந்தல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. பதற்றத்தில் மனிதர், மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வைத்திருந்த குடத்தைப் பிடுங்கி, கொதிக்கிற இன்ஜின் தலையிலேயே பச்சைத் தண்ணீரைக் கொட்டினார். டப்பென்று ஒரு சத்தம். இன்ஜின் வாய் பிளந்துவிட்டது. மாப்பிள்ளையை வண்டியோடு தள்ளிக்கொண்டு போய்த்தான் பந்தலில் சேர்த்தார்கள்.

தள்ளிக்கொண்டு வந்த சம்பந்தம் என்று அன்றைக்கே யாரோ முணுமுணுத்தார்கள். வைகாசியில் ருக்குமணியின் மாமனார் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடினார். அதற்கப்புறம் யாரும் முணுமுணுக்கவில்லை, உரக்கவே பேசினார்கள். மாமியார் தனக்கொடிக்குத் தாலி அறுத்த துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. நின்ற வண்டியின் மேல் பாதியும், அந்த வண்டி வீட்டிலிருந்து வந்த மருமகள் மேல் பாதியும் இறக்கி வைத்தாள். ஆடி மாதம் ருக்குமணியைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆடிக்குப் போன பெண்ணை ஆவணியில் வந்து அழைத்துப் போகவேண்டியது மாப்பிள்ளை வீட்டார் கடமை. ஆவணி வந்தது, அவர்கள் வரவில்லை. தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. தெருவில் போகிறவர்கள் ருக்குமணியைப் பார்த்து, இன்னும் இங்கேதான் இருக்கியா என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

மாமனாரின் தலைத்திவசம் முடிந்ததும் வைத்தியலிங்கம் வில்லியனூருக்கு நடையாய் நடந்தார். கெஞ்சாத கெஞ்சல் இல்லை. கடைசியில் தனக்கொடி ஜோசியரைக் கேட்டு ஒரு வழி சொன்னாள். அதே வண்டியில் மணவாளனும் ருக்குமணியும் கோயில் வாசலில் ஏறி, மேளத்தோடு நாலு வீதியும் சுற்றி, இன்ஜின் சத்தம் எங்கேயும் அறுபடாமல் வீட்டு வாசலில் வந்து இறங்கினால் தோஷம் கழிந்துவிடும், மருமகள் உள்ளே வரலாம். வழியில் அறுந்தால் அறுந்ததுதான். திருபுவனையில் ஒரு பெண் இருப்பதாக யாரோ சொல்கிறார்கள் என்பதையும் போகிறபோக்கில் காதில் போட்டு அனுப்பினாள். வருகிற ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள்.

வைத்தியலிங்கத்துக்குத் துணை, அபிஷேகப்பாக்கத்துப் பம்புசெட் மெக்கானிக் சூசைநாதன். இன்ஜினில் காதை வைத்தே நோயைச் சொல்லிவிடுவான் என்று பேர். பாதி தப்பாகவும் சொல்லுவான். கடலூரில் அடிபட்ட டாக்ஸி ஒன்றின் ஃபியட் இன்ஜின் கிடக்கிறது, பாகமெல்லாம் கடையில் கிடைக்கும், பூட்டிவிட்டால் கவலையில்லை என்றான். நல்ல யோசனைதான். வைத்தியலிங்கமும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து படுத்தார். படுத்தவருக்குத் தூக்கம் போய்விட்டது. இன்ஜினை மாற்றினால் அது அதே வண்டிதானா? நாளைக்குச் சம்பந்தியம்மாள் பானெட்டைத் திறக்கச் சொன்னால்?

விடிந்ததும் அதே ஜோசியரிடம் ஓடினார். ஜோசியர் வாழ்நாளில் கார் இன்ஜினைப் பார்த்தவரில்லை. ஆனாலும் யோசித்து, வண்டிக்கு இன்ஜின்தான் உயிர், வேற்று உயிரைப் புகுத்தினால் வேறு வண்டி, அதே குலத்து உயிர் என்றால் தோஷமில்லை என்று சொல்லிவிட்டார். இதைக் கேட்டுச் சூசைநாதன் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

பிரெஞ்சு இன்ஜினுக்கு எங்கே போவது? பாண்டிச்சேரி ஷெட்டுகளில் தேடினார்கள், காயலான் கடைகளில் தேடினார்கள். கடைசியில் மணப்பட்டில், சின்னப்பிள்ளை என்பவரின் சவுக்குத் தோப்பில் அதே ஜாதி இன்ஜின் ஒன்று சிமென்ட் மேடையில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. உப்புக்காற்றில் மேலெல்லாம் சொரசொரவென்று துரு. சின்னப்பிள்ளை அதைக் கொடுக்க மாட்டேன் என்றார். தோப்பு காய்ந்து போகும், மாற்றுக்கு மாற்று கொண்டுவா என்றார். வைத்தியலிங்கம் தன் நிலத்திலிருந்த டீசல் பம்புசெட்டைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் தோப்பில் இறக்கினார். பம்புசெட் போன வயலில் நடவு நட்டு வேர் பிடிக்கிற நேரம். பயிர் என்னாவது என்று மனைவி கோகிலாம்பாள் கேட்டாள். பயிர் அடுத்த வருஷமும் வரும் என்றார். நெல் காய்ந்தது. அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது வேலையல்ல, தவம். வால்வுகளைக் கையாலேயே தேய்த்து உட்காரவைத்தார்கள். பிஸ்டன் ரிங் எங்கேயும் கிடைக்காமல் வேறொரு இன்ஜினின் ரிங்கை அராவிப் போட்டார்கள். கார்ப்பரேட்டர் முழுக்க மண்ணெண்ணெய்ப் பிசின். அதை ஊறவைத்துச் சுரண்டி, ஊசியால் குத்தி, ஒருவழியாக உயிர் கொடுத்தார்கள். இன்ஜின் கிளம்பியது. ஆனால் மேளத்துக்குப் பின்னால் போகிற வேகம் இருக்கிறதே, அதில்தான் சங்கடம். நாதஸ்வரக்காரர் வீதி முக்கில் நின்று ராகம் வாசித்தால் வண்டியும் நிற்கவேண்டும், இன்ஜின் மட்டும் நிற்கக்கூடாது. கொஞ்சம் காற்றைக் கூட்டினால் விக்கியது. குறைத்தால் புகைந்து அமுங்கியது. பாகூர் ஏரிக்கரையில் சூசைநாதன் மேளத்துக்குப் பதில் டப்பாவைத் தட்டிக்கொண்டு முன்னே நடப்பான், வைத்தியலிங்கம் பின்னாலேயே ஓட்டி வருவார். மதகு வரைக்கும் ஒழுங்காக வரும், அதன் பிறகு செத்துவிடும். திரும்ப ஸ்க்ரூவைத் திருகுவார்கள், திரும்ப டப்பா, திரும்ப மதகு.

ஒருநாள் மதகடியில் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டார். தோள்துண்டு நனைய அழுதார். பெற்ற பெண்ணின் ஜென்மத்தை நான்தான் ஒரு குடம் தண்ணீரில் முக்கிவிட்டேன் என்றார். சூசைநாதன்தான், பம்புசெட்டாக இருந்து பழகின இன்ஜின், நடக்கச் சொன்னால் சீக்கிரம் படிந்துவிடும், ஓடச் சொன்னால்தான் ஓடாது என்று தேற்றினான்.

அந்த நாட்களில் ஒரு மாலை ருக்குமணி காபி கொண்டுவந்தாள். தீப்பொறி தட்டுகிற பாயிண்டைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், அப்பா, உங்களோட ஒண்ணு பேசணும் என்றாள். இரும்மா, இதை முடித்துவிடுகிறேன் என்றார். அவள் இருந்தாள். அவர் முடிக்கவேயில்லை. காபியைப் பானெட் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மனிதருக்கு இன்ஜின் பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கும், இது கேட்கவில்லை.

டிராக்டர் விசிறி ஒன்றை வெட்டிப் பூட்டியதும் கொதிப்பு அடங்கியது. தீப்பொறி விழுகிற டைமிங்கை ஒரு மயிரிழை பின்னால் தள்ளியதும் விக்கல் அடங்கியது. ஒரு காலையில் இன்ஜின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் நடுங்கியது, தளும்பவில்லை. சூசைநாதன் சிலுவை போட்டுக்கொண்டான். வைத்தியலிங்கம் மூலநாதர் கோயில் இருந்த திசை பார்த்துக் கும்பிட்டார்.

ஆவணி முகூர்த்தத்தன்று காலை வில்லியனூர்க் கோயில் வாசலில் மணவாளனும் ருக்குமணியும் மாலையோடு பின்னால் ஏறினார்கள். முதல் வீதி நல்லபடியாகப் போனது. சூசைநாதன் தண்ணீர் டின்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தான். ஜனங்கள் பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் பானெட் மேல்தான். நிற்குமா, நிற்காதா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்கள். நாதஸ்வரக்காரருக்கு இது எதுவும் தெரியாது. கூட்டத்தைக் கண்ட சந்தோஷத்தில் மூன்றாவது முக்கில் நின்று ராகத்தை இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டேயிருந்தார். சூட்டு முள் மேலே ஏறியது. வைத்தியலிங்கம், தெய்வமே, என் உயிரை எடுத்துக்கொள், இதை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டார்.

அப்போதுதான் பின் சீட்டிலிருந்து பேச்சு கேட்டது.

"வழியில வண்டி நின்னுட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று ருக்குமணி மெதுவாகக் கேட்டாள்.

"எங்கம்மா எறங்கி வந்துடச் சொல்லி இருக்காங்க."

"அம்மா சொன்னாங்க சரி. நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"அம்மா சொன்ன பெறகு வேற இன்னா?" என்றான் மணவாளன்.

வைத்தியலிங்கம் இதைக் கேட்காதவர்போல் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். ராகம் முடிந்தது, வண்டி நகர்ந்தது, முள் இறங்கியது.

கடைசி வீதியில் திரும்பினார்கள். அதோ வாசல், அதோ கோலம், அதோ ஆலம் சுற்றத் தட்டோடு நிற்கிற சுமங்கலிகள். தனக்கொடி அவர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்ஜின் தாலாட்டுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வைத்தியலிங்கத்துக்குக் கண் நிறைந்து பாதை கலங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

அவர் தோளுக்கு மேலாக வளையல் போட்ட கை ஒன்று நீண்டு வந்து சாவியைத் திருகியது.

இன்ஜின் நின்றது. மேளமும் தடுமாறி நின்றது. 

"கை பட்டுடுச்சு," என்று அலறினார் வைத்தியலிங்கம். "கொயந்த கை தெரியாம பட்டுடுச்சு சம்பந்தி. இன்ஜின் நல்லா இருக்கு, பாருங்க, பாருங்க." சாவியைத் திருகி ஸ்டார்ட்டரை இழுத்தார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டு, ஒரு விக்கல் இல்லாமல் ஓடியது. அவர் எழுந்து நின்று எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். யாரும் இன்ஜினைப் பார்க்கவில்லை.

"நின்னுதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க," என்றாள் தனக்கொடி.

"நின்னுது அத்த," என்றாள் ருக்குமணி. "நாந்தான் நிறுத்துனேன்."

மணவாளன் அம்மாவைப் பார்த்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வண்டிக் கதவைத் திறந்து இறங்கினான். ருக்குமணியின் பக்கம் திரும்பாமலேயே போய்த் தாயின் அருகில் நின்றுகொண்டான்.

வைத்தியலிங்கம் மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். ஏண்டி, ஏண்டி என்றார்.

"நாளிக்கி இவங்க வூட்டு மாடு செத்தாலும் என்னாலதான்னு சொல்லுவாங்கப்பா," என்றாள் ருக்குமணி. "ஒவ்வொரு வாட்டியும் நீங்க ஒரு இன்ஜின் தேடிக்கினு போவீங்களா?"

அவள் இறங்கி மாலையைக் கழற்றிச் சீட்டில் வைத்துவிட்டு, முன்னால் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வூட்டுக்குப் போவலாம்பா என்றாள். சூசைநாதன் டின்னோடு பின்னால் ஏறிக்கொண்டான்.

வில்லியனூர் எல்லை தாண்டியும் வண்டி வேகம் எடுக்கவில்லை. நடக்க மட்டும் பழக்கின இன்ஜின், எடுக்கவும் எடுக்காது. மாட்டுவண்டிகள்கூட ஒதுங்கி முந்திக்கொண்டு போயின. வைத்தியலிங்கத்துக்கு எல்லாம் போய்விட்டது. பயிர் போயிற்று, மானம் போயிற்று, மகள் வாழ்வும் போயிற்று. வீட்டு வாசலில் காத்திருக்கிற கோகிலாம்பாளிடம் என்ன சொல்வது? வண்டியை ஏதாவதொரு கிணற்றில் இறக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தார். அந்த வீட்டு வாசலில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கிய மாப்பிள்ளையின் முதுகுதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

மங்கலம் தாண்டியபோது, சாலையைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு இன்னாதாம்மா வேணும்?" என்று கேட்டார்.

"இப்பதாம்பா கேக்கறீங்க," என்றாள் ருக்குமணி.

மாமியார் வீட்டு வாசலில் ஒரு சொட்டுக்கூட விடாதவள், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அப்போது அழ ஆரம்பித்தாள்.