அம்சம் தூக்கிய மூன்று மா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு, வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி சுமாருக்கு, ஆலங்கரை அம்சம் தான் குத்தகைக்கு உழுத மூன்று மா நிலத்தை வரப்போடு பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி, தெற்கே சும்மா கிடந்த புறம்போக்கில் இறக்கினாள். ஏறத்தாழ ஒரு ஏக்கர். மதகில் ஒரு மூலை இடித்து இரண்டு கூடை மண் சிந்தியது. மகள் செவ்வந்தி பின்னாலேயே அதை அள்ளிக்கொண்டு போனாள். பார்த்தவர்கள் பதினாறு பேர். மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்பதுதான் அன்றைக்குப் பெரிய பேச்சாக இருந்ததால் அவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. சர்க்கார் நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்த பிறகு, பண்ணையார் இராஜாங்கம் மிச்ச நிலங்களை உறவினர் பேரில் எல்லாம் எழுதி வைத்துவிட்டு, குத்தகைக்காரர்களை ஒவ்வொருவராக வெளியேற்றிக்கொண்டிருந்தார். அம்சத்திடம், “உனக்கும் இந்த நிலத்துக்கும் சம்பந்தம் இல்லை, உன்னோடது என்ன இருக்கோ அதை எடுத்துக்கிட்டுக் கிளம்பு” என்றார். பதினோரு வருஷம் போட்ட எருவையும் உழைப்பையும் மண்ணிலிருந்து தனியாகப் பிரிக்கும் வழி தெரியாததால், அவள் மண்ணோடு சேர்த்தே எடுத்துப் போனாள்.

இராஜாங்கம் போலீசுக்குப் போனார். ஏட்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, திருட்டு என்று எழுத அசையும் சொத்தாக இருக்க வேண்டும், நிலம் அசையாச் சொத்து, ஆகவே திருட்டு நடக்க வழியில்லை என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகுதான் பண்ணையாருக்குப் பாபநாசத்தில் தேகப்பயிற்சி நிலையம் நடத்தும் பஞ்சநதத்தின் நினைவு வந்தது.

பஞ்சநதத்துக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தபால் வழியில் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கி, பழைய நெல் கிடங்கு ஒன்றில் பதினோரு பையன்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். சுவரில் எட்டுத் தசைப் படங்கள் இருந்தன. இரும்பு இல்லாததால் சிமெண்டு வார்த்த பால் டப்பாக்களைத்தான் பையன்கள் தூக்கினார்கள். நிலத்தைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தால் கல்கத்தாவிலிருந்து இரும்பு எடைகள் முழு செட்டும் வரவழைத்துத் தருவதாக இராஜாங்கம் சொன்னார். நிலத்தை அளந்து பதிவு செய்ய அளவுக்காரர் ஐப்பசியில் வருகிறார், அதற்குள் முடிய வேண்டும்.

மறுநாளே பஞ்சநதம் பையன்களோடு போய் நான்கு பக்கமும் வரப்பின் கீழே கையைக் கொடுத்து, விசில் ஊதினான். நிலம் அசையவில்லை. மூன்று பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அவர்களில் ஒருவனான நெய்னா முகம்மதுவின் அரைக்கால் சட்டை பின்பக்கம் முழுசாகக் கிழிந்தது. அம்சம் நாற்றங்காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, ஒல்லி, கழுத்தெலும்பு துருத்திய பெண்பிள்ளை. அந்த உடம்பில் எந்தத் தசை அதைத் தூக்கியது என்று பஞ்சநதம் மனத்துக்குள் எட்டுப் படங்களையும் புரட்டிப் பார்த்தான்.

“ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா வராதுங்க தம்பி,” என்றாள் அவள்.

“எங்கே பிடிக்கணும்?”

“அதைச் சொன்னா புரியாது. நடவுக்கு ஆள் குறையுது, வர்றீங்களா?”

அவன் எதற்காகக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இருந்தும் ஆனி பிறந்ததும் அவன் போனான். முதல் பத்து நாள் நாற்று நட்டான்; அவன் நட்ட வரிசை பாம்பு போனது மாதிரி இருந்ததால் அவள் பிடுங்கித் திரும்ப நட்டாள். தசை எங்கே வலிக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நிலத்தில் எங்கே சேறு ஆழம், எங்கே நண்டு வளை, எந்த மூலை முதலில் காய்கிறது என்றுதான் கேட்டாள். தப்பாகச் சொன்னால் கஞ்சி தாமதமாக வந்தது. ஒரு நாள் அவன் மூச்சை இழுத்து, நெஞ்சை விரித்துச் சாக்கைத் தூக்கியபோது, “யாருக்குக் காட்டுறீங்க? மூட்டைக்குக் கண்ணு இல்லை” என்றாள். இன்னொரு நாள், தூக்குவதைவிட இறக்குவதுதான் வேலை என்று சொல்லி, நீர் நிறைந்த குடத்தை நூறு தடவை சத்தமில்லாமல் இறக்க வைத்தாள். ஆவணியில் அவன் அவளை ‘ஏம்மா’ என்பதை விட்டு ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தான். அவளும் ‘ங்க’ போடுவதை நிறுத்திவிட்டாள். இதற்கிடையில் ஆளுங்கட்சிக்காரர்கள் ஒரு கொடிக் கம்பமும் செங்கொடிச் சங்கத்தார் ஒரு கொடிக் கம்பமும் அந்த நிலத்தில் நட்டுக் கூட்டம் போட்டார்கள். கதிர் வாங்கும் நேரத்தில் வேரைக் குத்துகிறது என்று அம்சம் இரண்டையும் பிடுங்கி வரப்பில் சாய்த்துவிட்டு, கூட்டத்துக்கு மோர் கொடுத்தாள்.

ஐப்பசி முதல் வாரம், ஆளுங்கட்சியே இரண்டாக உடைந்து ஊரெல்லாம் கொடி மாற்றிக்கொண்டிருந்த நாட்களில், அளவுக்காரர் சங்கிலியோடு வந்தார். குறுவை இன்னும் அறுக்கவில்லை. அம்சம் பயிருக்குள் நின்று கோரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். இராஜாங்கம் குடையால் நிலத்தைக் காட்டி, “ம், ஆகட்டும் மாஸ்டர்” என்றார்.

பஞ்சநதம் குனிந்தான். கை தானாகவே நடு மடைக்குக் கீழே போனது. மூன்று மாவும் கதிரோடு, தண்ணீரோடு, அம்சத்தோடு எழுந்து அவன் தலையில் உட்கார்ந்தது. ஒரு நெல்மணி உதிரவில்லை. அவன் வாய்க்கால் வரை நடந்தான். அக்கரையில் நிலம் இருந்த இடம் ஒரு ஆள் ஆழக் குளமாகி, அல்லி பூத்துக் கிடந்தது. கல்கத்தா இரும்பை நினைத்துப் பார்த்தான். தலைக்கு மேலே அவள் நடப்பது உச்சந்தலையில் தெரிந்தது. களைக்குக் குனிகிறாள், நிமிர்கிறாள், ஒரு அடி தள்ளிப் போகிறாள். தூக்கியதும் அவள் அழுவாள், அல்லது சபிப்பாள் என்று நினைத்திருந்தான். அவள் வேலையை நிறுத்தவே இல்லை.

“அக்கா, எங்கே வைக்கட்டும்?” என்றான்.

 அம்சம் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

“தூக்கினது நீ. என்னைக் கேட்டா?” என்றாள். “தூக்கின எடத்துலயே வைக்கிறதா இருந்தா, கிழக்கோரத்தை ரெண்டு விரக்கடை ஏத்தி வை. தண்ணி அங்கயே நிக்குது.”

பஞ்சநதம் திரும்பி நடந்தான். கிழக்கோரத்தை இரண்டு விரற்கடை ஏற்றி, குடத்தை இறக்குவதுபோல் சத்தமில்லாமல் இறக்கினான். மடைத் தண்ணீர் சலனமில்லாமல் மேற்கே வடிந்தது.

இராஜாங்கத்துக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனால் அளவுக்காரர், தன் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதும் மனிதர், வாய்க்காலுக்கு வடக்கே ‘குளம்’ என்றும் தெற்கே ‘அம்சம், அனுபவம்’ என்றும் எழுதினார். குளம் உச்சவரம்புக் கணக்கில் சேராது என்று அவர் விளக்கியதும் பண்ணையாருக்கு முகம் கொஞ்சம் திரும்பியது. அடுத்த மாதம் அவரே ஆள் அனுப்பி, இன்னும் நாலு மா எடுத்துப் போக முடியுமா என்று அம்சத்திடம் கேட்டார். அறுப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

இரும்பு வரவில்லை. பஞ்சநதம் அதன் பிறகு இருபத்தாறு வருஷம் பயிற்சி கொடுத்தான். அவனிடம் சேரும் பையன்கள் முதல் மாதம் ஆலங்கரையில் நாற்று நட வேண்டியிருந்தது. பயிற்சிக்கு அனுப்பிய பிள்ளை சேற்றில் நிற்கிறான் என்று சண்டைக்கு வந்த தகப்பன்மார்களை அம்சம் மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். நெய்னா முகம்மது மட்டும் எழுபத்தேழு புயலில் ஒரு ஓட்டு வீட்டைத் தூளியில் தூங்கிய குழந்தையோடு மேட்டுக்குக் கொண்டுபோய் வைத்தான், குழந்தை விழிக்கவில்லை. மற்றவர்கள் வாத்தியார் வேலைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். நிலங்கள் அவ்வப்போது இடம் மாறிக்கொண்டுதான் இருந்தன. அந்தப் பக்கத்துப் பத்திர எழுத்தர்கள், நான்கெல்லையை எழுதி முடித்ததும், ‘இன்றைய தேதியில் உள்ளபடி’ என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள்.