கிள்ளான் பங்கு

சாந்தமேரி சொன்னது நான்கே வார்த்தை. "சாமியாருக்குக் கிள்ளான் பங்கு கிடைச்சிருக்காம்." அடடா, அந்த நான்கு வார்த்தை பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தையே புரட்டிப் போட்டுவிட்டது!

புருஷன் மாரிஸ் காய்ச்சலில் போன பிறகு, கோயில் துணிமணி துவைத்துக் காலம் தள்ளுகிறவள் அவள். ரயில்வேக்காரர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. ஐந்து வருஷமாகக் குழாயடியில் வாளியோடு நிற்கிறாள். "உன் முறை, எடு" என்பதைத் தவிர யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளை குட்டி இல்லாத விதவையிடம் பேச அவர்களுக்கு என்ன இருக்கிறது? அறைக்குத் திரும்பினால் சுவரோடுதான் பேச வேண்டும்.

அன்று காலை கோயிலில் கேட்ட சேதியை அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள். கத்தோலிக்கருக்குப் பங்கு என்றால் ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த சனமும். கோயில் பாதிரியாரான சாமியாருக்கு மாற்றல், கிள்ளான் ஊர்க் கோயிலுக்குப் போகிறார், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தக் குழாயடியில் கத்தோலிக்கர் அவள் ஒருத்திதானே!

வரிசையில் நின்ற வீரம்மா வாளியைக் கீழே வைத்தாள். "பங்கா? எந்தக் கம்பெனிப் பங்கு? ரப்பர் கம்பெனியா?"

வீரம்மாவின் தம்பி கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பருக்குப் பால்மரம் வெட்டியவன். ரப்பர் விலை விழுந்த முப்பத்தொன்றாம் வருஷம் அது. போன மாசம்தான் கம்பெனி அவனை வேலையை விட்டு நிறுத்தி ஊருக்குக் கப்பலேற்றியிருந்தது.

சாந்தமேரிக்கு உடனே விளங்கிவிட்டது. 'ஐயோ, அந்தப் பங்கு இல்லை' என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் ஏழெட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இப்படி உக்காருக்கா. முழுசா சொல்லுக்கா."

ஐந்து வருஷத்தில் முதல் 'அக்கா'! பாவி மனசு, அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டது. "எனக்கென்ன தெரியும்..." என்று இழுத்தாள். தெரியாது என்று சொல்லுகிற விதத்திலேயே தெரியும் என்று சொல்லிவிடலாம் அல்லவா, அப்படி.

ஒரு வாரம் அவளுக்குத் தினமும் வீரம்மா வீட்டுக் காப்பி. கதையோ பட்டணத்தின் மறுகோடியில் இருக்கும் செந்தூல் வரைக்கும் போய், கை கால் முளைத்துத் திரும்பி வந்தது. தோட்டமே கோயிலுக்குச் சொந்தமாம். கூலிகளை ஏற்றிப்போகிற கப்பலும் சாமியாருடையதாம். அவர் மறுத்துப் பார்த்தார். "பின்னே, ஒத்துக்குவாரா?" என்றார்கள்.

வேலை போனவர்களுக்குத் தினமும் கோயில் வளவில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர் அந்தச் சாமியார். வெள்ளிக்கிழமை ஒருவரும் வரவில்லை. நிறைந்த அண்டாவின் பக்கத்தில், கையில் அகப்பையோடு, அந்தக் கிழவர் தனியாக நின்றதைச் சாந்தமேரி பார்த்தாள். தனியாக நிற்பது எப்படியிருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியில் சொல்லக்கூடாது. புரளி எங்கே பிறந்தது என்று இப்போது அவருக்குத் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. அவர் வாயைத் தன் கையாலேயே பூட்டிவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சொன்ன எடத்திலேயே போய்ச் சொல்லு, மகளே," என்றார் கடைசியில். "அதுதான் உனக்குப் பரிகாரம்."

மறுநாள் குழாயடியில் சொன்னாள். "பங்குன்னா கோயில் பங்கு. சாமியாருக்கு மாத்தல், வேற ஒன்னுமில்ல. நீங்க தப்பா எடுத்துக்கிட்டது அன்னிக்கே எனக்குத் தெரியும். பேச ஆளு கிடைச்சுதேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

வீரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதைச் சாமியார் சொல்லச் சொன்னாரா?"

சொல்லச் சொன்னார்தான். இல்லை என்றால் அது பொய், நேற்றுத்தான் கழுவிய பாவம். சாந்தமேரி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா."

"அப்படிச் சொல்லு! உனக்கும் ஒரு பங்கு எழுதி வச்சிட்டாராக்கும்."

அதற்குப் பிறகு சாந்தமேரி ஒருநாளும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அவள் தலையைக் கண்டதுமே எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். வேண்டிய தண்ணீரைப் பிடித்துக்கொள்ளலாம். "உன் முறை, எடு" என்று சொல்லத்தான் ஆளில்லை.