ஹாலில் மினுக்கம்

என் அண்ணன் கட்டட கான்ட்ராக்டர். தம்பிக்கு இன்டீரியர் வேலை. அப்பா போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் வீட்டை இடித்து இரண்டாகக் கட்ட, கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு மாடல் வரைந்து எனக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ரெண்டையும் சேத்து ஒரே ஃபைலாக்கிக் குடு. ஹால் பக்கம் என்னவோ மினுங்குது" என்றான் அண்ணன். இந்த மாதிரிக் கோளாறுகளைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. கூடப் பிறந்தவர்களுக்கு ஓசி.

அம்மாவின் அறையில், அவளுடைய தையல் மிஷின் மேலேயே லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். ஹால் தரை சாம்பலும் பச்சையுமாகக் கோடு கோடாக அடித்துக்கொண்டது. ஒரே இடத்தில் இரண்டு பரப்புகள் உட்கார்ந்தால் எதைக் காட்டுவதென்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, மாற்றி மாற்றிக் காட்டும். இரண்டு புண்ணியவான்களும் முழு ஹாலையும் அவரவர் பக்கமே வரைந்திருந்தார்கள். நடுவில் வெட்டி, ஆளுக்குப் பாதி விட்டு, மிச்சத்தை அழித்தேன். மினுக்கம் நின்றது.

மாடலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பின்பக்கம் கண்ணில் பட்டது. அம்மாவின் அறை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. தரைகூட இல்லை.

அண்ணனுக்கு போன் போட்டேன். "அது தம்பி பக்கம்ல வருது?"

தம்பிக்குப் போட்டேன். "அண்ணன் போட்டிருப்பான்னு நினைச்சேன்க்கா."

"இதுல என் ரூம் எதுடி?" என்று பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள் அம்மா. என்னோடு வந்துவிடு என்று எத்தனை தடவை கூப்பிட்டாலும், சாகிற வரைக்கும் இந்த அறைதான் என்பவள் அவள்.

அறையை அளந்து, பத்துக்குப் பன்னிரண்டு, அண்ணன் ஃபைலில் வரைந்தேன். அதே இடத்தில் தம்பி ஃபைலிலும் வரைந்தேன். சேர்த்தால் மினுங்கத்தான் செய்யும். மினுங்கட்டும். ஹாலுக்கு அடித்துக்கொண்டவர்கள் அம்மாவுக்காகவும் ஒரு தடவை அடித்துக்கொள்ளட்டுமே என்றுதான் செய்தேன்.

'அம்மா ரூம் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. ஒருத்தர் வச்சுக்கிட்டு ஒருத்தர் எடுத்துடுங்க' என்று எழுதி இருவருக்கும் அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் இரண்டு ஃபைலும் திரும்பி வந்தன. 'என்னோடத எடுத்துட்டேன். இனி மினுங்காது' என்று அண்ணன் எழுதியிருந்தான். தம்பியும் அதையேதான் எழுதியிருந்தான்.

சேர்த்துப் பார்த்தேன். எங்குமே மினுங்கவில்லை. பின்பக்கம் பழையபடி காலியாகக் கிடந்தது.

"சரியாயிடுச்சாடி?" என்றாள் அம்மா.

"சரியாயிடுச்சும்மா" என்று லேப்டாப்பை மூடினேன்.